சொல்லும் அலையும்

காலை ஏழரை மணிக்குக் கோமதிநாயகம் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு சாட்சித்திரையின் முன் உட்கார்ந்தார். எழுபத்தோரு வயதிலும் அவர் முதுகு நாற்காலியில் சாய்ந்ததில்லை. வீட்டுக்குள்தானே, பனியனோடு உட்கார்ந்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று மனைவி செண்பகவல்லி பல வருடங்களுக்கு முன்பு ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "எல்லையில நிக்கது நம்ம பிள்ள. அவனுக்குச் சாட்சி சொல்லுதவன் பாக்கதுக்கு ஆளு மாதிரி இருக்கணுமா இல்லையா?" என்று அவர் கேட்டார். அதற்குப் பிறகு அவள் சட்டையைத் தேய்த்து முந்தின நாளே மாட்டி வைத்துவிடுவாள்.

திரையில் பூசான் துறைமுகத்தின் குடிநுழைவுக் கூடம் தெரிந்தது. கௌன்ட்டரின் முன்னால் மகன் செழியன் முதுகுப்பையோடு நின்றான். அதிகாரி கொரிய மொழியில் ஏதோ சொல்ல, திரை அதைத் தமிழாக்கியது: "குடிமுதல்வர் கேள்வி கேட்கலாம்."

கோமதிநாயகம் வலது உள்ளங்கையை மேசை மேலிருந்த தட்டில் வைத்தார். தட்டு குளிர்ந்திருந்தது.

"நாலு வயசுல ஒரு பொத்தான முழுங்கினியே, அது எதுல உள்ளது?"

செழியன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "அப்பா, பின்னால இருவது பேரு நிக்காவ."

"கேட்டதுக்குச் சொல்லு."

"உங்க கோர்ட்டு கோட்டுல உள்ளது. கறுப்புப் பொத்தான். ரெண்டு நாளு என்னைய வெளிய விடாம வச்சுக் காவல் காத்திய. மூணாம் நாளு காலையில வந்துச்சு. அத அம்மா கழுவித் திரும்பத் தைச்சாவ. போதுமா?"

வரிசையில் தமிழ் தெரிந்த யாரோ சிரித்தார்கள். திரையின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த நீலக் கோடு மேடு கட்டி எழுந்து மெல்ல இறங்கியது.

"எங்கள் வீட்டுப் பிள்ளை" என்றார் கோமதிநாயகம். எப்போதும் சொல்வது போல, கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கும் குரலில்.

பச்சை விளக்கு எரிந்தது. செழியன் உள்ளே போனான். அவர் மனத்துக்குள் எண்ணிக்கொண்டார். நானூற்றுப் பன்னிரண்டு. நானூற்றுப் பன்னிரண்டு தடவை சாட்சி சொல்லியிருக்கிறார். ஒன்றில்கூடத் தவறில்லை. மாவட்டத்திலேயே அப்படிப்பட்ட வீடுகள் ஏழோ எட்டோதான் என்று பதிவகத்தில் ஒருவர் சொன்னதை அவர் யாரிடமும் பீற்றிக்கொண்டதில்லை, மறந்ததுமில்லை.

அவருடைய அப்பா காலத்தில் பாஸ்போர்ட் என்பது கையில் பிடிக்கிற சின்னப் புத்தகம். அப்புறம் அதில் சில்லு வைத்தார்கள். அப்புறம் முகம், விரல், கருவிழி, குரல் என்று உடம்பையே பாஸ்போர்ட்டாக்கினார்கள். உருநகல் கூடங்கள் வந்த பிறகு அத்தனையும் வீணாயிற்று. ஒரு ஆளின் விரலையும் விழியையும் பத்து நாளில் வளர்த்து இன்னொருவனுக்குப் பொருத்திவிட முடிந்தது. ஒரே பெயரில் மூன்று பேர் ஒரே நாளில் மூன்று நாட்டில் இறங்கினார்கள். கடைசியில் உலக நாடுகள் கூடிப் பேசி, நகலெடுக்க முடியாத ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருக்கிறது என்று கண்டுபிடித்தன. ஒரு மனிதனைப் பார்க்கும்போது அவனை அறிந்த இன்னொரு மனிதனுக்குள் எழுகிற அறிதல். அதனால் இப்போது எல்லையில் வந்து நிற்பவனை எந்திரம் சோதிப்பதில்லை. வீட்டில் உட்கார்ந்து அவனைப் பார்க்கிற குடும்பத் தலைவரை, அந்தக் குடிமுதல்வரைச் சோதிக்கிறது. அவர் வாய் 'ஆம்' என்று சொல்ல வேண்டும். அவர் உள்ளங்கையில் அறியலை எழ வேண்டும். சொல்லும் அலையும் ஒத்துப்போனால் வழி திறக்கும். ஒத்துப்போகாவிட்டால் அதற்குப் பெயர் முரண். அந்த வீட்டாரின் அடையாளமான உறவுமுத்திரை அன்றைக்கே முடங்கும். வீட்டில் பதினேழு பேர் என்றால் பதினேழு பேருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்களைப் பெயரிலார் முகாமில் கொண்டுபோய் வைப்பார்கள்.

கேள்வியும் அப்படித்தான். எங்கேயும் பதிவாகாத நினைவாக இருக்க வேண்டும். ஒருமுறை கேட்டுவிட்டால் அது பதிவாகிவிடும், மறுபடி உதவாது. ஆகவே வீடுகளில் பழங்கதை பேசுவது நின்றுபோயிற்று. கல்யாண வீட்டில் யாராவது, "உனக்கு ஞாபகம் இருக்கா, அன்னைக்கு ஒரு நாள்..." என்று ஆரம்பித்தால் பத்துப் பேர் அவர் வாயைப் பொத்துவார்கள். சாப்பாட்டு நேரத்தில் வெயிலைப் பற்றியும் தண்ணீர் வரத்தைப் பற்றியும் பேசினார்கள். நினைவுகளைக் குடும்பத் தலைவர்கள் மனத்துக்குள் பூட்டி வைத்து, பயணத்துக்கு ஒன்றாக எடுத்துச் செலவழித்தார்கள். பொத்தான் கதை இன்றோடு தீர்ந்தது.

அவர் எழுந்திருக்கப் போனபோது திரை மறுபடி ஒலித்தது. வீட்டில் வேறு யாரும் பயணத்தில் இல்லை. அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"வணக்கம் ஐயா. தூத்துக்குடி துறைமுகக் குடிநுழைவு. என் பேரு ஜெனிபா." திரையில் சீருடை போட்ட பெண் அதிகாரி. முப்பது வயதிருக்கும், ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். "நடுக்கடல்ல மிதக்குற ஏழாம் கடல்நகரைக் கலைச்சிட்டாங்க, செய்தி பாத்திருப்பீங்க. அங்க இருந்த ரெண்டாயிரம் பேரையும் ரெண்டு நாளா இறக்கிக்கிட்டிருக்கோம். இங்க ஒருத்தங்க உங்க வீட்டுப் பேரைச் சொல்றாங்க."

"எங்க வீட்டு ஆளு யாரும் கடல்நகர்ல கிடையாது."

"தெரியும் ஐயா. பதிவுல பாத்துட்டுத்தான் கூப்பிட்டேன். அவங்க சொல்ற பேரு உலகம்மை. உங்க மக. பதினெட்டு வருசத்துக்கு முந்தி இறந்ததா நீங்களே பதிஞ்சிருக்கீங்க."

அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றது. அந்தப் பெயர் அந்த வீட்டுக்குள் பதினெட்டு வருடமாக ஒலித்ததில்லை.

கோமதிநாயகத்தின் முகத்தில் எதுவும் அசையவில்லை. "ஆமா. இறந்துட்டா" என்றார்.

"அப்படின்னா நகலாத்தான் இருக்கும். இறந்தவங்க பேருல வர்றது முக்கால்வாசி நகல்தான். பெத்தவங்க பாத்ததும் கை நடுங்கிடும், அலை தானா எழும்பிடும். அதை நம்பித்தான் இந்தக் கூட்டம் பொழைக்குது. அதனால ஐயா, ஒரு கேள்வி நல்லா யோசிச்சுக் கேளுங்க. இல்லன்னு சொல்லிட்டா, சாயங்காலம் முகாம் பஸ்ல ஏத்திடுவோம். அதோட உங்களுக்கு வேலை முடிஞ்சுது."

"முகாம்ல எத்தனை நாளு?"

ஜெனிபா கொஞ்சம் தயங்கினாள். "முகாமுக்குப் போனவங்க யாரும் இதுவரைக்கும் திரும்பி வந்து நான் பாத்ததில்ல ஐயா."

திரை மாறியது. கௌன்ட்டரின் முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயது. வெயிலில் கறுத்த முகம், காதோரம் கத்தரித்து விட்ட செம்பட்டை முடி, தோளில் ஒரு கித்தான் பை. முகத்தை நம்பக் கூடாது என்பது முப்பது வருடப் பாடம். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத் தட்டில் வைத்துக்கொண்டு நீலக் கோட்டைப் பார்த்தார். கோடு நேராக ஓடியது.

உலகம்மைக்கு இருபத்திரண்டு வயதில் நடந்தது அது. நிச்சயித்த மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, எனக்கு இதில் சம்மதமில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள். மறுவாரம் கடல்நகரில் மின்னாலை ஓட்டுகிற ஒருவனோடு கப்பலேறிவிட்டாள். குடும்பத்திலிருந்து நீக்கக் கோமதிநாயகம் மனுப் போட்டிருக்கலாம். ஆனால் நீக்க மனுவுக்குக் காரணம் எழுத வேண்டும். தெருக்குழு முன்னால் வாசிப்பார்கள். சாவுப் பதிவுக்குக் காரணம் வேண்டாம். குடிமுதல்வரின் சொல்லும் அலையும் போதும்.

அன்று விடியற்காலை அவர் தனியாகத் தாமிரபரணிக்குப் போனார். மூன்று முறை முங்கி எழுந்தார். எனக்கு மகள் இல்லை என்று தண்ணீரைப் பார்த்துச் சொல்லித் தலை முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு நேரே வந்து இந்தத் தட்டில் கையை வைத்தார். எந்திரம் அவள் படத்தைக் காட்டியது. கோடு அசையவில்லை. பதிவை ஏற்றுக்கொண்டது. எந்திரத்தை அவர் ஏமாற்றவில்லை. ஆற்றிலிருந்து எழுந்து வந்த மனிதருக்கு உண்மையிலேயே மகள் இல்லை.

அதனால் உலகம்மை பதினெட்டு வருடம் கரையேற முடியாமல் இருந்தாள். சாட்சி கேட்காத இடம் நடுக்கடல் ஒன்றுதான்.

"அவ கூடப் போனவன் எங்க?" என்று கேட்டார். திரையைப் பார்த்துத்தான், ஆனால் ஜெனிபாவிடம் கேட்பது போல.

"செத்துட்டாரு" என்றாள் அந்தப் பெண். "ரெண்டு வருசம் ஆச்சு. புயல்ல."

குரலும் நகலெடுக்கக்கூடியதுதான்.

கேள்வியைத் தேடி மனத்துக்குள் போனார். அங்கே போய்ப் பல காலம் ஆகிவிட்டது. மற்ற பதினாறு பேரைப் பற்றிய நினைவுகள் எடுத்தெடுத்துச் செலவாகி, இடம் கிட்டத்தட்டக் காலியாக இருந்தது. அவளுடையவை மட்டும் ஒன்றுகூடச் செலவாகாமல் அப்படியே கிடந்தன. முதல் நாள் பள்ளிக்கூடம், அம்மை போட்டது, சைக்கிளில் விழுந்து பல் உடைந்தது. இதெல்லாம் அக்கம்பக்கத்தார்க்குத் தெரியும். நினைவுத் தரகர்கள் பழைய வேலைக்காரர்களிடமும் ஆசிரியர்களிடமும் இப்படிப்பட்டவற்றைத்தான் விலைக்கு வாங்குகிறார்கள். பொய்க்காரி பொய் சொல்லியே மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு கேள்வி வேண்டும்.

"பன்னெண்டாங் கிளாஸ்ல நீ மாவட்டத்துல முதல்ல வந்த அன்னைக்கு, நான் உனக்கு என்ன வாங்கிக் குடுத்தேன்?"

நகலாக இருந்தால் பேனா என்பாள், கைக்கடிகாரம் என்பாள். அவர் காத்திருந்தார். இவள் நகலாக இருக்க வேண்டும் என்று அவர் விரும்பியதை அவரே கவனித்தார்.

"ஒண்ணும் வாங்கிக் குடுக்கல" என்றாள் அவள். "மார்க்கு லிஸ்ட்ட வாங்கிப் பாத்துட்டு, 'கணக்குல ரெண்டு மார்க்க எங்க விட்ட?'ன்னு கேட்டிய. திருப்பிக் குடுத்துட்டுக் கோர்ட்டுக்குப் போயிட்டிய."

கோடு நேராக ஓடியது.

"இது நீங்க எதிர்பாத்த பதில்தான். உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. அன்னைக்கு சாயங்காலம் கோர்ட்டுக்கு எதுத்தாப்புல உள்ள டீக்கடையில எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்திய. நான் சைக்கிள்ல அந்த வழியா வந்தேன். நீங்க எனக்கு முதுகு காட்டி நின்னிய. 'எம்மவ'ன்னு ஆரம்பிச்சிய. அதுக்குள்ள நீங்க திரும்புத மாதிரி இருந்துச்சு, நான் மிதிச்சு ஓடிட்டேன். மீதிய கேக்கல."

டீ வாங்கிக் கொடுத்ததை அவர் வீட்டில் சொன்னதில்லை. செண்பகவல்லிக்குக்கூடத் தெரியாது.

"ஐயா," ஜெனிபாவின் குரல் தாழ்ந்து ஒலித்தது, அவர் காதுக்கு மட்டும். "டீ குடிச்சவங்கள்ல யாராவது இதை வித்திருக்கலாம். அலை எழும்பவே இல்ல. நீங்க இல்லன்னு சொன்னா ரெண்டும் ஒத்துப்போகும். பிரச்சினையே இல்ல."

அவர் இப்போதுதான் அந்தப் பெண்ணை நேராகப் பார்த்தார். அழவில்லை. கையைக் கூப்பவில்லை. அப்பா என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. அவளுக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் எல்லாம் திரையைப் பிடித்துக்கொண்டு கதறிக்கொண்டிருக்க, இவள் மட்டும் கௌன்ட்டரில் கையை ஊன்றாமல், நின்ற இடத்தில் நிமிர்ந்து நின்றாள். எந்த நகல்கூடத்துக்காரனும் இப்படிச் செய்ய மாட்டான். காசு வாங்கியவன் அழ வைத்திருப்பான். கேட்டால் கொடுப்பார்கள் என்று தெரிந்தும் கேட்காமல் நிற்கிற அந்த நிற்பு அவருக்கு நன்றாகத் தெரியும். சவரம் செய்யும்போது தினமும் கண்ணாடியில் பார்ப்பதுதான்.

இவள் உலகம்மை.

அறிந்துவிட்டார். ஆனால் கோடு அசையவில்லை. முதலில் அவருக்கு ஏற்பட்டது நிம்மதி. இல்லை என்று ஒரு சொல் போதும். எந்திரமே பக்கத்துணையாக நிற்கும். அடுத்த கணம் பயம் வந்தது. கையைத் தட்டில் இன்னும் அழுத்தினார். அவளுக்கு அம்மை போட்டபோது பதினோரு நாள் பக்கத்தில் படுத்திருந்ததை நினைத்தார். உடைந்த பல்லை நினைத்தார். கோடு மேசையில் வைத்த அளவுகோல் மாதிரிக் கிடந்தது. பதினெட்டு வருடமாக அவள் நினைவு தலைதூக்கும்போதெல்லாம் அதை அமுக்கி அமுக்கி, எழும்பவே தெரியாதபடி பழக்கிவிட்டிருந்தார். ஆற்றில் விட்டதை ஆறு வைத்துக்கொண்டது.

"ஐயா, பதில் சொல்லணும்."

தன் வீட்டுப் பெருமை எது என்று யாராவது கேட்டிருந்தால் கோமதிநாயகம் யோசிக்காமல் சொல்லியிருப்பார்: நாங்கள் சொன்ன சொல் பொய்யானதில்லை. நானூற்றுப் பன்னிரண்டு தடவை. தெரிந்த ஆளைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, நாளை எந்த வாயால் நானூற்றுப் பதிமூன்று என்று எண்ணுவது? சாவுப் பதிவு கொடுத்த அன்று அவருக்கு மகள் இல்லை, அது வேறு. இன்று இருக்கிறாள்.

"எங்கள் வீட்டுப் பிள்ளை" என்றார்.

சிவப்பு விளக்கு எரிந்தது. திரையின் நடுவில் முரண் என்ற சொல் வந்து நின்றது. அதன் கீழே பத்து நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கியது.

"ஐயா, என்ன சொல்றீங்க?" ஜெனிபா எழுந்தே விட்டாள். "யாராவது மிரட்டுறாங்களா? பக்கத்துல ஆள் இருக்காங்களா? இருந்தா இருமுங்க."

"எனக்கு இருமல் கிடையாதும்மா. எம்மவதான்."

"அலை இல்லியே! இது மூடுறதுக்குள்ள சொல்லைத் திரும்ப வாங்கிக்கோங்க. வயசானவங்க, தடுமாறிட்டேன்னு சொன்னா நான் எழுதிக்கிறேன்."

"சொன்ன சொல்ல நான் திரும்ப வாங்குனதில்ல. எழுதிக்கோ. அன்னைக்கு குடுத்த சாவுப் பதிவு தப்பு. அவ சாகல. எனக்குச் செத்தான்னு நெனச்சேன், பதிஞ்சேன்."

ஜெனிபா அலுவலகத்தில் பலவிதமான பொய்களைக் கேட்டிருப்பாள். இந்த மாதிரி ஒரு உண்மையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் திண்டாடினாள். "பொய்ச் சாவுப் பதிவுன்னா முத்திரை போயிடும் ஐயா. பதினேழு பேருக்கும். உங்க மகன் இன்னைக்குக் காலையிலதான் பூசான்ல இறங்கியிருக்காரு. ராத்திரிக்குள்ள முகாமுக்குக் கொண்டுபோயிடுவாங்க. உங்க சொல்லும் செல்லாதுங்கிறதால, இவங்களும் முகாமுக்குத்தான்."

எட்டு நிமிடம் முப்பது விநாடி.

"பொறுப்பு மாத்துத படிவம் ஒண்ணு உண்டுல்லா?" என்றார் கோமதிநாயகம்.

அந்தப் படிவத்தை அவர் அறிவார். ஞாபக மறதி வந்த கிழவர்களிடம் பிள்ளைகள் நீட்டுவது அது. எதிர்வீட்டுத் திரவியம் அதில் கைவைத்த நாளிலிருந்து தெருவில் தலை காட்டவில்லை. அப்படி ஒரு நாள் வந்தால் உயிரை விட்டுவிடுவேன் என்று கோமதிநாயகமே அப்போது சொல்லியிருந்தார்.

"இருக்கு" என்றாள் ஜெனிபா மெதுவாக. "மூடுறதுக்கு முந்தி முதன்மையை வேறொருத்தர்கிட்ட குடுத்துட்டா, குத்தம் உங்க தலையோட போகும். வீடு தப்பிச்சுக்கும். ஆனா உங்க பேரு எந்தப் பதிவுலயும் இருக்காது ஐயா. ஆஸ்பத்திரி, பேங்கு, ஏன், உங்க வீட்டுக் கதவுகூடத் தொறக்காது. முத்திரை உள்ள யாராவது அந்த இடத்துல நின்னு, இவரை எனக்குத் தெரியும்னு சொல்லணும். ஒவ்வொரு தடவையும். மனசார."

"சரி. அனுப்பு." படிவம் திரையில் விரிந்தது. அவர் வரிவரியாகப் படித்தார். படிக்காமல் எதிலும் கைவைக்கிற வழக்கம் அவரிடம் இல்லை. ஐந்து நிமிடம் இருக்கும்போது அதில் கைவைத்துவிட்டுத் திரும்பாமலே கூப்பிட்டார்: "செம்பகம்."

அவள் ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தாள். கையெல்லாம் மாவு.

"இங்க வந்து உக்காரு."

"நான் எதுக்கு?"

"இனி நீதான்."

முப்பது வருடத்தில் அந்த நாற்காலியை அவள் துடைத்திருக்கிறாளே தவிர உட்கார்ந்ததில்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அவர் உயரத்துக்கு வைத்த நாற்காலி. அவள் கால் தரையைத் தொடவில்லை. தட்டில் கையை வைத்தாள். இன்னும் நிமிர்ந்து திரையைப் பார்க்கவில்லை. அதற்குள் நீலக் கோடு திரையின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது.

"அம்மா, நீங்க ஒரு கேள்வி கேக்கணும்" என்றாள் ஜெனிபா.

செண்பகவல்லி தலையைத் தூக்கினாள். "ஏட்டி, முடிய என்னட்டி பண்ணி வச்சிருக்க?"

"அம்மா, அதைக் கேள்வியா எடுத்துக்க முடியாது..." ஜெனிபா கோட்டைப் பார்த்தாள். "இருங்க. எடுத்துக்கிட்டேன்."

அதுவரை நிமிர்ந்து நின்றவள் கௌன்ட்டரைப் பிடித்துக்கொண்டாள். "உப்புத்தண்ணிம்மா" என்றாள். "எவ்வளவு எண்ண தேச்சாலும் நிக்கல."

"எம் பிள்ள" என்றாள் செண்பகவல்லி. சொல்ல வேண்டிய வாசகம் அதுவல்ல. ஆனால் பச்சை விளக்கு எரிந்தது.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு, திரை அணைந்த அறையில், கோமதிநாயகம் சுவரோரமாக நின்று கேட்டார்: "உனக்கு எப்படி அலை அப்படி எழும்பிச்சு? பதினெட்டு வருசமாச்சே?"

அவள் நாற்காலியிலிருந்து இறங்கி, மாவு ஒட்டிய தட்டைத் தலைப்பால் துடைத்தாள். "ஆத்துக்கு நீங்கதான போனிய" என்றாள். "நான் போகலையே."

மாலை ஐந்து மணிக்கு அவர் வழக்கம்போல் நடக்கப் போனார். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை என்பதே உண்மை. உள்ளிருந்து வெளியே போகக் கதவு யாரையும் எதுவும் கேட்பதில்லை. ஆறு மணிக்குத் திரும்பி வந்து கதவுத்தட்டில் கைவைத்தபோது, "அறியாதவர்" என்றது அது, அவரே முப்பது வருடத்துக்கு முன் தேர்ந்தெடுத்த மரியாதையான குரலில். "வீட்டார் ஒருவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். மணியை அழுத்தவும்."

மணி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தன் வீட்டு வாசலில் நின்று மணியடித்து, நான் இன்னார், கதவைத் திறங்கள் என்று சொல்வதா? அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, வாசல்ல நிக்கிய?" என்றார் சைக்கிளில் போன பால்காரர்.

"காத்து வாங்குதேன்."

"காத்தே இல்லியே அண்ணாச்சி!"

"வரும். நீ போ."

காற்று வரவில்லை. கால் கடுத்தது. உள்ளே சீரகம் தாளிக்கிற வாசனை வந்தது. துறைமுகத்து மின்வண்டி ஒன்று தெருமுனையில் திரும்பி, நான்கு வீடு தள்ளித் தயங்கி, பிறகு வந்து நின்றது. கித்தான் பையோடு உலகம்மை இறங்கினாள். அவரைப் பார்த்தாள். மூடிய கதவைப் பார்த்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. அவர் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார்.

அவள் அவரைத் தாண்டிப் போய்க் கதவுத்தட்டில் கையை வைத்தாள்.

"உலகம்மை, இந்த வீட்டார். உள்ளே வரலாம்" என்றது கதவு. "உடன் நிற்பவர் அறியாதவர். அவருக்குச் சாட்சி சொல்வதானால் கேள்வி கேட்கலாம்."

அவள் கையை எடுக்கவில்லை. வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியர்வையில் கசங்கிய சட்டையை, கழுத்து வரை போட்ட பொத்தானை.

"மீதி என்ன சொன்னிய?" என்று கேட்டாள்.

அவருக்கு எது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. தொண்டையைச் செருமினார். வரவில்லை. மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு மறுபடி செருமினார்.

"'எம்மவ என்னைய விடக் கெட்டிக்காரி'ன்னேன்." அது தீர்ப்பு வாசிக்கிற குரலாக இல்லை. "'யாரு முன்னாலயும் தலை குனிய மாட்டா, நீங்க வேணா பாருங்க'ன்னு சொன்னேன்."

தட்டின் ஓரத்தில் நீலக் கோடு எழுந்து நின்றது. அவர் பதில் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே, அவள் அவரைத் திரும்பிப் பார்த்தபோதே, அது எழுந்துவிட்டிருந்தது. கதவு அவளுடைய சொல்லுக்காகக் காத்திருந்தது. அவரும் காத்திருந்தார்.